கெட்டமைன்: மேற்பார்வை பார்ப்பது டாக்டரா, அண்ணியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு வீட்டிலேயே கெட்டமைன் என்ற மயக்க மருந்தை எடுத்துக்கொள்கிறார்கள் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதிக் கட்டுரை நடிகர் மேத்யூ பெர்ரியின் சாவைப் பற்றியே போய்விட்டது. மீதிப் பாதியில் 'மருத்துவர் மேற்பார்வையில்' என்று நாலைந்து இடத்தில் வருகிறது, ஆனால் அந்த மேற்பார்வை எப்படி நடக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. நான் டெக்சாஸில் இருக்கிறேன். என் நாத்தனார் இந்தச் சிகிச்சையில் இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான் (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்). அதனால் அந்த விட்டுப்போன வரியை எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பெர்ரி விஷயத்தை முடித்துவிடுவோம். 2023 அக்டோபரில் அவர் இறந்ததற்குக் கெட்டமைன்தான் முக்கியக் காரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது உண்மை. ஆனால் அது சிகிச்சைக்காக ஏற்றிய மருந்து இல்லை. தெரிந்த வரையில் அவருடைய கடைசிக் கெட்டமைன் சிகிச்சை அதற்கு ஒன்றரை வாரம் முன்பே நடந்திருந்தது. காசுக்காக மருந்தை வெளியே தள்ளிய இரண்டு டாக்டர்கள், கள்ள வியாபாரி, இடைத்தரகர், கூடவே இருந்து ஊசி போட்ட உதவியாளர் என்று 5 பேர் மேல் வழக்குப் போட்டார்கள், ஐவருமே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அதைக் கொண்டுவந்து வீட்டுச் சிகிச்சையோடு முடிச்சுப் போட்டு, தலைப்பிலும் 'போதை' என்று போட்டால், இங்கே மகளோ மருமகனோ இந்த மருந்தில் இருப்பது தெரிந்து ஊரில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்குத் தூக்கம் போவதைத் தவிர வேறு பலன் இல்லை. இதே கெட்டமைனைக் கொடுத்துத்தான் நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் எத்தனையோ பேருக்கு அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். 1962ல் உருவாக்கி, 1970ல் அமெரிக்காவில் மயக்க மருந்தாக அனுமதி பெற்றது, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. மனச்சோர்வுக்கும் உதவுகிறது என்பது 2000ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கைப்பிடி நோயாளிகளிடம் செய்த ஆய்வில் இருந்து பேசப்பட்டு வருகிறது. வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கும் மாத்திரைகளுக்கு நடுவே இது சில மணி நேரத்தில் வேலை செய்கிறது என்பதுதான் அப்போதும் இப்போதும் இதன் கவர்ச்சி.

சரி, இது எப்படி வீட்டுக்கு வந்தது? இங்கேதான் வேடிக்கை. கெட்டமைன் என்பது கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு மூலக்கூறுகளின் கலவை, அதில் ஒன்றான எஸ்கெட்டமைனை 'ஸ்ப்ராவட்டோ' என்ற பெயரில் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாக 2019ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. அதை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. பதிவு பெற்ற கிளினிக்கில் அவர்கள் கண்முன்னே அடித்துக்கொள்ள வேண்டும், குறைந்தது 2 மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும், அன்று வண்டி ஓட்டக்கூடாது. ஆனால் பழைய, மலிவான, முழுக் கெட்டமைனை மனச்சோர்வுக்கென்று எஃப்.டி.ஏ. அனுமதிக்கவே இல்லை. காப்புரிமை முடிந்த மருந்துக்குக் கோடிக்கணக்கில் செலவழித்துச் சோதனை நடத்தி அனுமதி வாங்க எந்தக் கம்பெனிக்கு ஆர்வம் இருக்கும்? அனுமதி இல்லாததால் அந்த 2 மணி நேரக் கட்டுப்பாடும் இதற்கு இல்லை. ஆனால் ஒரு நோய்க்கு அனுமதித்த மருந்தை இன்னொரு நோய்க்கு எழுதித் தர டாக்டருக்கு இங்கே உரிமை உண்டு. அந்தக் காலத்துக் காம்பவுண்டர் கலந்து கொடுத்த மிக்சர் மாதிரி, மருந்தைத் தாங்களே தயாரித்துத் தரும் காம்பவுண்டிங் ஃபார்மசிகளும் உண்டு. அரசுக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இந்த வகை மருந்துகளை, நோயாளியை ஒரு தடவையாவது நேரில் பார்க்காமல் எழுதக்கூடாது என்று 2008ல் போட்ட சட்டத்தை, கொரோனா வந்தபோது 2020 மார்ச்சில் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள், அப்புறம் அந்தத் தளர்வை நீட்டித்துக்கொண்டே போனார்கள். ஆக, அதிகம் சோதித்த மருந்துக்குக் காவல், குறைவாகச் சோதித்த மருந்து தபாலில்.

இதைப் படித்துவிட்டு நான் வீட்டுச் சிகிச்சைக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். கிளினிக்கில் நரம்பு வழியாக ஏற்றிக்கொள்ள ஒரு தடவைக்கே பல நூறு டாலர், அதை ஆரம்பத்தில் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஆறு தடவை ஏற்றுவது வழக்கம், காப்பீட்டுக்காரர்கள் பெரும்பாலும் கை விரித்துவிடுவார்கள். என் நாத்தனார் இருக்கும் ஊரில் இருந்து அப்படி ஒரு கிளினிக்குக்குப் போய்வரவே ஒரு நாள் ஆகும், ஓட்டிக்கொண்டு போக ஆளும் வேண்டும். படுக்கையை விட்டு எழுந்து பல் துலக்கவே முடியாமல் கிடப்பவளிடம் போய் நாலு மணி நேரம் காரில் வா என்று யார் சொல்வது? தபாலில் வந்ததால்தான் அவளுக்கு இந்த மருந்தே கிடைத்தது. சில மாதங்கள் அவள் நன்றாகவும் இருந்தாள், தானாக எழுந்து சமைத்தாள், என்னோடு சண்டை போட்டாள்.

பெட்டியில் வந்தவை: நாக்குக்கு அடியில் கரையும் மாத்திரைகள், பி.பி. பார்க்கும் கருவி, கண்ணை மறைக்கும் பட்டை, ஒரு நோட்டு. சில மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும். பி.பி. பார்த்து எழுத வேண்டும், அவர்கள் சொன்ன அளவுக்கு மேல் இருந்தால் அன்று வேண்டாம். மாத்திரை வாயில் கரைந்து ஊறும் எச்சிலை விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, நேரம் ஆனதும் துப்ப வேண்டும். அப்படி ஒரு கசப்பாம். அதற்கென்றே ஒரு எவர்சில்வர் டம்ளரை ஒதுக்கி வைத்தோம். அப்புறம் கண்பட்டையைக் கட்டிக்கொண்டு, காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். அடுத்த ஒரு மணி நேரம் ஆள் இங்கே இல்லை. ஒரு தடவை, "அண்ணி, என் கை எங்கே இருக்கு?" என்று கேட்டாள். பயந்துபோய்க் கேட்கவில்லை, மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் கையைப் பிடித்து, இதோ இருக்கு என்றேன். பாத்ரூமுக்கு எழுந்தால் கால் நிற்காது, தோளைக் கொடுத்துத்தான் கூட்டிப்போக வேண்டும்.

முதல் தடவை மட்டும் திரையில் ஒரு பெண் வந்து ஆரம்பத்திலும் முடிவிலும் பேசினார். அவர் டாக்டர் இல்லை, வழிகாட்டியாம். டாக்டர் மருந்து எழுதும் முன்பு வீடியோவில் பேசியதோடு சரி, அதன் பிறகு அளவைக் கூட்டலாமா என்று கேட்கும்போதுதான் வந்தார். ஒரு நாள் நடுவில் பி.பி. ஏறிவிட்டது. கெட்டமைன் அதை ஏற்றும் என்று எனக்கும் தெரியும், ஆனால் எவ்வளவு ஏறினால் பயப்பட வேண்டும்? எனக்குக் கொடுத்திருந்த ஒற்றைத் தாளில் ஒரு நம்பர் இருந்தது. கூப்பிட்டால் பதிவு செய்த குரல், செய்தி விடச் சொன்னது. அவர்கள் திரும்பக் கூப்பிடும்போது பி.பி. தானே இறங்கி, இவள் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இதுதான் என் புகார். படிவத்தில் 'உடன் இருக்கும் பெரியவர்' என்று ஒரு கட்டம், அதில் என் பெயர். என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உண்மையில் இருக்கிறேனா, அந்த நேரம் வீட்டில் இருப்பேனா, ஆள் மூச்சு வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியுமா, எதுவும் கேட்கவில்லை. தனியாக இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எழுதிவிட்டு எடுத்துக்கொண்டாலும் யாருக்குத் தெரியும்? 2023 அக்டோபரில் எஃப்.டி.ஏ. விட்ட எச்சரிக்கையில் இப்படி ஒரு சம்பவம் இருக்கிறது: மருத்துவமனைக்கு வெளியே வாய்வழிக் கெட்டமைன் எடுத்த ஒருவருக்கு மூச்சு மந்தமாகிவிட்டது, ரத்தத்தில் இருந்த அளவு அறுவைச் சிகிச்சை மயக்கத்துக்கு வழக்கமாக எட்டும் அளவைப் போல இரண்டு மடங்கு.

கம்பெனிகள் கையில் எடுத்துக் காட்டும் ஆய்வும் இருக்கிறது. வீட்டில் எடுத்த 1,247 பேரைப் பற்றி 2022ல் வெளியானது. 4 தடவைக்குப் பிறகு 100க்கு சுமார் 63 பேருக்கு அறிகுறிகள் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தன என்கிறது, பெரிய கேடுகள் அபூர்வம் என்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து தராத இன்னொரு குழு அதில் கிடையாது, ஆய்வும் அந்தச் சேவையை விற்கும் கம்பெனியோடு தொடர்புள்ளவர்களுடையது. பொய் என்று சொல்லவில்லை, கடைக்காரரே எடை போட்டது என்று சொல்கிறேன். அடிக்கடி, நாள்பட எடுத்தால் சிறுநீர்ப்பை புண்ணாகும் என்பது 2007 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகிறது, என் நாத்தனாரிடம் சிறுநீர் போவதில் கஷ்டம் உண்டா என்று கேட்டது கம்பெனி இல்லை, அவளுடைய குடும்ப டாக்டர்.

ஆகவே அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, உடன் இருப்பவரோடு மருந்துக்கு முன்பு பேசுகிறார்களா, மருந்து வேலை செய்யும் நேரத்தில் கூப்பிட்டால் ஒரு மனிதக் குரல் எடுக்கிறதா, ஒரு பெட்டியில் எத்தனை தடவைக்கான மருந்தை மொத்தமாக அனுப்புகிறார்கள் என்பதையும் விசாரித்து எழுதுங்கள். இங்கே பிள்ளைகள் இருக்கும் வாசகர்கள், "அந்தக் கண்ராவியை நிறுத்து" என்று போனில் கத்துவதற்குப் பதில் "பக்கத்துல யாரும்மா இருக்காங்க?" என்று கேட்கலாம்.

இன்னொன்று. கட்டுரையைப் படித்துவிட்டு என் சித்தி பையன் சென்னையில் இருந்து, "வரும்போது ரெண்டு மாத்திரை கொண்டு வர முடியுமா அக்கா?" என்று கேட்டான். இந்தியாவில் கெட்டமைன் 2011 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிறது, 2020ல் வந்த தொலைமருத்துவ விதிகளின்படி அப்படிப்பட்ட மருந்தை வீடியோவில் பார்த்து எழுதித் தரவும் முடியாது. மருத்துவமனையில் வைத்துக் கொடுக்கும் மனநல மருத்துவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், அவர்களிடம் போகச் சொன்னேன். இதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டுவிடுங்கள், அவனை மாதிரி இன்னும் எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ.

இப்படிக்கு,
டெக்சாஸில் இருந்து ஒரு வாசகி