டிரைவருக்கும் பதில் சொல்லும் செயலி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சரக்குப் போக்குவரத்துக்கான மொபைல் செயலிகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லாரி எங்கே போகிறது என்று வரைபடத்தில் பார்க்கலாம், சரக்கு எப்போது வந்து சேரும் என்று வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லலாம் என்பதெல்லாம் சரிதான். லாரிகளை அனுப்பும் வேலையில் பல வருடங்களாக இருப்பவன் என்பதால் அதில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். டிரைவரிடமிருந்து எல்லோரும் தகவல் வாங்குகிறார்கள். டிரைவருக்குத் தகவல் கொடுப்பது யார்?

லோடு தயாராகிவிட்டதா, எந்த கேட் வழியாகப் போக வேண்டும், இறக்குவதற்கு ஆள் இருக்கிறார்களா, குடோனை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? இதற்கெல்லாம் பதில் தெரிந்தவர் குடோனிலேயே இருப்பார். அவர் சொல்வது சரக்கு அனுப்புபவர், ஏஜென்ட், லாரி ஆபீஸ் என்று கைமாறி டிரைவரின் காதுக்கு வருவதற்குள் பாதி மாறிப்போகும். ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வந்தவரிடம், "இன்றைக்கு இறக்க முடியாது" என்று கேட்டில் நிற்பவர் சொல்வார். முந்தைய நாள் மாலையே குடோன்காரர் செயலியில் ஒரு வரி போட்டிருந்தால் போதும், அந்த மனிதர் வழியிலேயே நிறுத்தித் தூங்கியிருப்பார்.

அப்புறம் காத்திருக்கும் நேரம். என்னைக் கேட்டால் செயலியால் கிடைக்கும் பெரிய பயன் இதில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் சொன்ன நேரத்துக்கு மேல் லாரியை நிறுத்திவைத்தால் ஹால்டிங் கட்டணம் தர வேண்டும். அதைக் கேட்கப் போனால்தான் தகராறு. ஆறு மணிக்கே வந்துவிட்டேன் என்பார் டிரைவர். ஒன்பது மணிக்குத்தான் பதிவாகியிருக்கிறது என்பார்கள் கேட்டில். குடோனைச் சுற்றி வரைபடத்தில் ஒரு எல்லை போட்டுவைத்தால், லாரி அதற்குள் நுழைந்த நேரமும் வெளியே போன நேரமும் தானாகவே பதிவாகிவிடும். இரண்டு தரப்பும் ஒரே நேரத்தைப் பார்க்கும்போது வாக்குவாதத்துக்கு இடம் குறையும். எந்த குடோனில் லாரிகள் அதிகம் தேங்குகின்றன என்பதும் மாதக் கடைசியில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பணம் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தால்தான் பல இடங்களில் ஏற்றி இறக்கும் வேலையைச் சீர்செய்வார்கள்.

போனில் எண்களைச் சொல்வதால் வரும் குழப்பமும் கொஞ்சமில்லை. கன்டெய்னர் எண்ணில் 4 எழுத்தும் 7 இலக்கமும் இருக்கும். ஐஎஸ்ஓ 6346 என்ற சர்வதேசத் தரத்தின்படி கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே வைத்தது. அதற்கு முன்னால் இருக்கும் எழுத்துகளையும் இலக்கங்களையும் வைத்துக் கணக்குப் போட்டால் அது வர வேண்டும். ஒரு இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் பெரும்பாலும் செயலி அங்கேயே பிடித்துவிடும். வாய்வழியாகச் சொல்லும்போது இந்தக் கணக்கை யார் போடுவார்?

வாட்ஸ்அப் இருக்கிறதே, இன்னொரு செயலி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற சைபர் தாக்குதலில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகள் முடங்கியபோது, அங்கிருந்தவர்கள் வாட்ஸ்அப் வழியாகவும் வேலையை ஓட்டினார்கள். அவசரத்துக்கு அது கை கொடுக்கும். தினசரி வேலைக்கு அது போதாது. கையெழுத்தான டெலிவரி ரசீதின் படம் குரூப்பில் எங்கோ மேலே போய்விடும். அது எந்த டிரிப்புக்கு உரியது என்று பில் போடுபவர் தேடிக்கொண்டிருப்பார். படம் அந்த டிரிப்போடு சேர்ந்தே நிற்க வேண்டும்.

சட்டமும் மெல்லக் காகிதத்தை விட்டு மின்னணுப் பதிவின் பக்கம் வருகிறது. நாடு விட்டு நாடு போகும் சாலைவழிச் சரக்குக்கான சிஎம்ஆர் என்ற சர்வதேச ஒப்பந்தம் 1956-இல் உருவானது. மின்னணுச் சரக்குச் சீட்டை ஏற்கும் நெறிமுறை அதனுடன் சேர்ந்தது 2008-இல்தான். கப்பல் சரக்கை ஏற்றிக்கொண்டதற்குத் தரும் சீட்டான பில் ஆஃப் லேடிங் மின்னணு வடிவில் இருந்தாலும் காகிதத்துக்குச் சமமே என்று பிரிட்டன் 2023-இல் சட்டம் இயற்றியது.

என் பெரிய கவலை வேறு. சரக்கு அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு செயலியைப் போடச் சொல்கிறது. ஒரே டிரைவர் அதே படத்தையும் அதே எண்ணையும் ஒவ்வொன்றிலும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கிறது. பெரிய கப்பல் நிறுவனங்கள் 2019-இல் டிஜிட்டல் கன்டெய்னர் ஷிப்பிங் அசோசியேஷன் என்ற அமைப்பைத் தொடங்கி, கன்டெய்னர் நகர்வுத் தகவலுக்குப் பொதுவான தரம் வகுத்தன. தங்களுக்குள் கடும் போட்டி இருந்தும் அவர்களால் ஒன்றாக உட்கார முடிந்தது. சாலையில் சரக்கு அனுப்புபவர்களும் அப்படி உட்கார வேண்டும். டிரைவர் ஒரு செயலியில் சொன்னால் மற்றவர்களுக்கு அது தானாகவே போய்ச் சேர வேண்டும்.

செயலியை உருவாக்குபவர்களிடம் இரண்டு கோரிக்கைகள். சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்ததைப் போன் வைத்திருந்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும்; டிரைவரைத் திரும்பத் தட்ட வைக்கக் கூடாது. டிரிப் முடிந்த நிமிடமே இருப்பிடப் பதிவு தானாக நின்றுவிட வேண்டும். வீட்டிலிருக்கும்போதும் ஆபீஸ் தன்னைப் பார்க்கிறது என்று தோன்றினால் அவர் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிடுவார். அடுத்த லோடில் அதை மறுபடி போடச் சொல்லி நாங்கள் போனில் கெஞ்சிக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
லாரி அலுவலக ஊழியர் ஒருவர்