ஆற்றங்கரைக் குழாய் வாய் சீரமைப்பு: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் தெருக்களின் மழைநீர் அடையாற்றில் போய் விழும் குழாய் வாய், ஐப்பசி மழையில் இடிந்து ஆற்றுக்குள் சரிந்தது. அவசர வேலையாக எடுத்து 23 நாளில் முடித்துவிட்டோம். முகப்புச் சுவர், பக்கச் சுவர்கள், கரைக்குக் கம்பிவலைக் கல்கட்டு எல்லாம் ஆயிற்று.

"மூடின பள்ளத்தை மறுபடி ஏன் தோண்டினாங்க?" என்று பால் பூத்தில் கேட்கிறவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கடைசி இரண்டு குழாயை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லி ஒப்பந்தக்காரர் கொடுத்த மதிப்பீடு 3,40,000 ரூபாய். மூன்றாம் நாள் வேப்பமரத்தடியில் நின்றிருந்த பொருளாளரின் கால் முழங்கால் வரை மண்ணுக்குள் போய்விட்டது. நல்ல புல் முளைத்த இடம்தான். கடப்பாறையை இறக்கிப் பார்த்தோம், பிடித்த கை தரையைத் தொடும் வரை தடையே இல்லை. குழாய் இணைப்புகளில் சிமென்ட் விட்டுப்போய், மழைக்கு மழை மண் உள்ளே கரைந்து ஆற்றோடு போயிருக்கிறது. அதனால்தான் இரண்டு குழாய் நான்கானது.

பள்ளத்தை ஒன்பது அங்குல அடுக்காக மண் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசு அடித்து நிரப்ப வேண்டும் என்பது பேச்சு. ஒரு ஞாயிறு இரவு ஒப்பந்தக்காரர் இரண்டு டிராக்டர் ரப்பிஷைக் கொட்டி மேலே மண்ணைத் தூவிவிட்டார். காலையில் போனால் உடைந்த வாஷ்பேசின் துண்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. "அதான் சார் கெட்டியா நிக்கும்" என்றார். ரப்பிஷ் நிற்கும், மேலே இருக்கும் மண் நிற்காது. கல்லிடுக்கு வழியாக இறங்கி மறுபடி அதே பொந்துதான். முழுக்க அள்ளச் சொன்னோம். "நீங்க என்ன இன்ஜினியரா?" என்றார். இல்லை, 31 வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவன். நான்கு நாள் வேலை நின்றது. கடைசியில் அவர் செலவிலேயே அள்ளினார். சங்கப் பணம் அதில் ஒரு பைசா கிடையாது.

அப்புறம் பம்ப். தண்ணீர் இறைத்ததற்கு ஒன்பது இரவு என்று பில் வந்தது. நம் காவலாளி பம்ப் ஓடிய நேரத்தைத் தன் நோட்டில் குறித்திருந்தார், அதில் ஏழு இரவுதான். இரவுக்கு 4,000 வீதம் ஏழுக்கே கொடுத்தோம்.

ஆறு ஏறினால் தானே மூடிக்கொள்ளும்படி குழாய் வாயில் வைத்த இரும்புக் கதவு வீண் செலவு என்றும் பேச்சு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்த இரவு, கரையைத் தாண்டும் முன்பே இந்தக் குழாய் வழியாகத்தான் ஆறு முதல் தெருவுக்குள் வந்தது. அன்று கட்டில் மேல் ஏறி நின்றவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மொத்தச் செலவு 4,62,500. கூடுதலான 1,22,500-இல் குழாய் வேலை 58,000, கதவு 36,500, பம்ப் 28,000. வரவில் 168 வீடுகள் தலா 2,000 வீதம் 3,36,000, நன்கொடை 1,05,000, மீதி 21,500 சங்கக் கையிருப்பு. இன்னும் 16 வீடுகள் பாக்கி.

நன்கொடையாளர்கள்: துபாயில் வேலை பார்க்கும் இரண்டாம் தெருப் பிள்ளை 40,000, மருந்துக்கடைக்காரர் 25,000, பெயர் வேண்டாம் என்றவர் 20,000, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை 10,000, மாவு மில் 5,000, மூன்றாம் தெரு மகளிர் குழு 4,000, இஸ்திரி வண்டிக்காரர் 1,000. கடைசியாகச் சொன்னவருக்கு நம் நகரில் வீடு கிடையாது.

தோண்டும்போது நான்கு வீட்டுக் கழிவறை இணைப்பு மழைநீர்க் குழாயில் இருப்பது தெரிந்தது. கதவு எண் எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும். தை மாதத்துக்குள் மாற்றிக்கொள்ளவும்.

மீந்த மணல் மூட்டை 60 பம்ப் அறையில் இருக்கிறது. மறுபடி ஆறு ஏறினால் தேவைப்படும். வீட்டு வேலைக்கு யாரும் எடுத்துப் போக வேண்டாம், ஏற்கெனவே மூன்று குறைகிறது.

செயலாளர்