யூனிட் விலைக்குள் அடங்கியிருப்பவை: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. உள்ளூர் மின் பகிர்மான நிறுவனத்தின் கட்டணக் குழுவில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதும், பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கு விலை நிர்ணயிப்பதே குழுவின் முதல் வேலை என்பதும் படித்து மகிழ்ந்தேன். நம் பழைய பிரிவில் இருந்தபோது தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் கட்டணம் வகுப்பதிலேயே நமக்கு இரவு பகலாக வாக்குவாதம் நடக்கும். ஓடி வந்து நின்று, கொஞ்ச நேரத்தில் போய்விடும் ஒரு வாடிக்கையாளருக்குக் கட்டணம் வகுக்கும் நாள் வரும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டாலும் இந்தக் கணக்குகள் என்னை விட்டபாடில்லை. அதனால் நீங்கள் கேட்டது ஒரு வரிக் கேள்வியாக இருந்தும் பதில் சற்று நீளமாகவே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூனிட்டுக்கு எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணைச் சொல்வதற்கு முன்னால், அந்த ஒற்றை எண்ணுக்குள் எந்தெந்தச் செலவைப் போடப்போகிறோம், எதை வெளியே தனியாக வைக்கப்போகிறோம் என்பதைக் குழு முடிவு செய்தாக வேண்டும் என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் யூனிட் விலைக்குள் திணித்துவிட்டால் பலகையைப் பார்க்கும் ஓட்டுநருக்கு எளிமையாக இருக்கும். ஆனால் எந்தச் செலவை யார் உண்டாக்குகிறார் என்பது மறைந்துபோகும். மறைந்த செலவு வேறு யாருடைய பில்லிலாவது போய் ஏறாமல் இருக்காது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. மின் விநியோகம் தொடங்கிய காலத்திலேயே, 1892-இல், ஜான் ஹாப்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதை எடுத்துச் சொல்லிவிட்டார். ஒரு வாடிக்கையாளர் எவ்வளவு மின்சாரத்தைச் செலவழித்தார் என்பதற்கு ஒரு கட்டணமும், அவர் எந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டாலும் கொடுப்பதற்காக எவ்வளவு திறனை நாம் தயாராக வைத்திருக்கிறோம் என்பதற்கு இன்னொரு கட்டணமும் வாங்க வேண்டும் என்பதே அவர் வாதம். அன்றைக்கு மின்சாரம் பெரும்பாலும் விளக்குக்குத்தான். மாலையில் சில மணி நேரமே எரியும் விளக்குகளுக்காக இயந்திரங்கள் முழுநாளும் காத்திருந்தன. விரைவு சார்ஜர் இன்று செய்வதும் அதையேதான்: நாளின் பெரும்பகுதி சும்மா நின்றுவிட்டு, ஒரு வண்டி வந்தவுடன் ஒரு சிறு தொழிற்கூடத்தின் அளவுக்குச் சுமையை இழுக்கிறது.

நாம் பேச்சில் டிமாண்டு கட்டணம் என்று சொல்லும் உச்சத் தேவைக் கட்டணம்தான், அதாவது மாதத்தில் தொட்ட மிக உயர்ந்த சுமைக்குக் கிலோவாட் கணக்கில் வாங்கும் கட்டணம்தான், உங்கள் குழு அதிக நேரம் செலவிட வேண்டிய இடம். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். 50 கிலோவாட் சார்ஜர் ஒன்றுக்கு நாளைக்கு இரண்டு கார்கள் வந்து, ஒவ்வொன்றும் 20 யூனிட் ஏற்றிக்கொள்கிறது என்றால், மாத விற்பனை 1,200 யூனிட். நாளைக்குப் பத்து கார்கள் வந்தால் 6,000 யூனிட். இரண்டு நிலையிலும் உச்சத் தேவை அதே 50 கிலோவாட்தான். இப்போது ஒரு கிலோவாட்டுக்கான மாத டிமாண்டு கட்டணம், 40 யூனிட் மின்சாரத்தின் விலைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2,000 யூனிட்டின் விலை மாதந்தோறும் நிலையான செலவாக நிற்கிறது. இரண்டு கார்கள் வரும் நிலையத்தில் அதை 1,200 யூனிட்டில் பங்கிட்டால், மின்சாரத்தின் விலையைப் போல ஏறத்தாழ 2.7 மடங்கை ஓட்டுநரிடம் வாங்க வேண்டியிருக்கும். பத்து கார்கள் வரும் நிலையத்தில் 1.3 மடங்கு போதும். கருவியின் விலை, நில வாடகை, பராமரிப்பு எதையும் நான் இன்னும் சேர்க்கவேயில்லை.

ஆக, ஆளில்லாத நிலையத்துக்கு வரும் அந்த இரண்டு பேர், வராதவர்களின் செலவையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். விலை ஏறினால் அவர்களும் வரமாட்டார்கள்; அவர்கள் வராவிட்டால் விலை இன்னும் ஏறும். ஆகவே தொடக்க ஆண்டுகளில், பயன்பாடு குறைந்த நிலையங்களுக்கு டிமாண்டு கட்டணத்தின் ஒரு பகுதியை யூனிட் கணக்கில் வாங்குவதும், பயன்பாடு ஏற ஏற அதைப் படிப்படியாகக் கிலோவாட் கணக்குக்குத் திருப்புவதும் நியாயமானது. அந்தப் படிகளைக் கட்டண ஆணையிலேயே எழுதிவிடுங்கள். எந்த அளவு பயன்பாட்டில் சலுகை குறையும், எப்போது முற்றாக நிற்கும் என்று எழுதாத சலுகை, பிறகு யாராலும் எடுக்க முடியாத சலுகையாகிவிடும் என்பதை நாம் இருவரும் பலமுறை கண்டிருக்கிறோம்.

அதே சமயம் டிமாண்டு கட்டணத்தை அடியோடு நீக்கிவிடச் சொல்லும் குரலுக்கும் இடம் கொடுக்காதீர்கள். அது இல்லையென்றால், ஒரு 150 கிலோவாட் சார்ஜர் போதுமான இடத்தில் நான்கை நிறுத்தினாலும் நிலையம் நடத்துபவருக்கு இழப்பில்லை. அதற்காக டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவதும் கேபிளைப் பெரிதாக்குவதும் உங்கள் நிறுவனத்தின் தலையில் விழும். கட்டணம் இருந்தால்தான் இரண்டு வண்டிகள் ஒன்றாக வரும்போது திறனைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாட்டையோ, நிலையத்திலேயே ஒரு பேட்டரியை வைத்து உச்சத்தைத் தணிப்பதையோ அவர் யோசிப்பார். நடுவழி ஒன்று உண்டு: நாள் முழுவதற்குமான உச்சத்தை எடுக்காமல், அந்த ஃபீடரில் (அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பித்தடத்தில்) சுமை மிகுந்திருக்கும் நேரத்தில் பதிவாகும் உச்சத்துக்கு மட்டும் டிமாண்டு கட்டணம் வாங்கலாம். கம்பிகள் ஓய்ந்திருக்கும் நள்ளிரவில் ஒரு லாரி 150 கிலோவாட் இழுத்தால், அதனால் நமக்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய எதுவுமில்லையே! ஒரு மாதத்தில் தொட்ட உச்சத்தை ஆண்டு முழுதும் பில்லில் இழுத்துக்கொண்டு போகும் பழைய விதி உங்களிடம் இன்னும் இருந்தால், சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டுமாவது அதை எடுத்துவிடுங்கள். ஒரு திருவிழா நாள் கூட்டத்துக்காகப் பன்னிரண்டு மாதம் தண்டம் கட்டுவது அநியாயம்.

இனி ஓட்டுநரிடம் வாங்கும் விலைக்கு வருகிறேன். நிமிடக் கணக்கா, யூனிட் கணக்கா என்ற விவாதம் உங்கள் குழுவிலும் எழும். நிமிடக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு: அமெரிக்காவின் சில மாநிலங்களில், மின்சாரத்தை யூனிட் அளவில் விற்பவர் எவராயினும் மின் விநியோக நிறுவனமாகவே கருதப்படுவார் என்று சட்டம் இருந்ததால், சார்ஜிங் நிலையங்கள் அதைத் தவிர்க்க நேரத்தை விற்றன. ஆனால் ஒரே 150 கிலோவாட் சார்ஜரில், 50 கிலோவாட்டுக்கு மேல் ஏற்க முடியாத பழைய காரின் உரிமையாளர், 150 கிலோவாட் ஏற்கும் புதிய காரின் உரிமையாளரைப் போல யூனிட்டுக்கு மூன்று மடங்கு கொடுக்க நேர்கிறது. குளிரில் பேட்டரி மெதுவாக ஏற்றிக்கொள்வதும் அவர் கையில் இல்லை. எனவே யூனிட் கணக்கே அடிப்படையாக இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த மாற்று எரிபொருள் கட்டமைப்பு விதியும், 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொதுச் சார்ஜர்களில், உறுப்பினராகாமல் வருபவருக்கான விலை யூனிட் அடிப்படையில்தான் இருக்க வேண்டும் என்கிறது. அதன்மேல், இடத்தை நெடுநேரம் பிடித்து வைப்பதைத் தடுக்க நிமிடக் கட்டணம் ஒன்றைச் சேர்க்கலாம் என்றும் அனுமதிக்கிறது. இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகவே படுகிறது.

அந்த நிமிடக் கட்டணத்தை எப்போது தொடங்குவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். சார்ஜ் முடிந்த பிறகும் வண்டியை எடுக்காதவரிடம் வாங்குவது எல்லோருக்கும் புரியும். டெஸ்லா நிறுவனம் 2016 டிசம்பரிலேயே தன் நிலையங்களில் அதைத் தொடங்கியது. ஆனால் 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரி ஏற்கும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடுவதால், கடைசிப் பகுதிக்காகக் காத்திருப்பவரும் விரைவு சார்ஜரின் இடத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். வரிசை நிற்கும் நிலையங்களில், கூட்ட நேரத்தில் மட்டும், 80 சதவீதத்துக்குப் பிறகு ஒரு சிறு நிமிடக் கட்டணம் வைக்கலாம் என்பேன். காலியாகக் கிடக்கும் நிலையத்தில் அதை வைப்பது வெறும் வசூல். தெருவோர மெது சார்ஜரில் இரவு முழுதும் வண்டியை விட்டுவிட்டு உறங்குபவரிடம் கேட்பது அதைவிட மோசம். நடுராத்திரி எழுந்து வந்து வண்டியை நகர்த்து என்று ஒருவரிடம் நாம் எப்படிச் சொல்ல முடியும்?

யூனிட்டை எங்கே அளப்பது என்பதையும் ஆணையில் ஒரு வரி சொல்லிவிடுங்கள். விரைவு சார்ஜர் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. குளிரூட்டும் விசிறியும் திரையும் தனியே எடுத்துக்கொள்கின்றன. அந்த இழப்பை விலைக்குள் சேருங்கள், ஆனால் அளவு வண்டிக்குள் போகும் இடத்தில்தான் எடுக்கப்பட வேண்டும்.

நேர வாரியான விலை பற்றி உங்களுக்கு இருக்கும் உற்சாகத்தில் பாதிதான் எனக்கு இருக்கிறது. நெடுஞ்சாலையில் பேட்டரி தீரும் நிலையில் வந்து நிற்பவர், விலை குறையட்டும் என்று மூன்று மணி நேரம் காத்திருக்கப் போவதில்லை. அங்கே நேர விலை செலவைச் சரியான ஆளிடம் சேர்க்குமே தவிர, பழக்கத்தை மாற்றாது. பழக்கம் மாறக்கூடிய இடம் மெது சார்ஜர்தான். எட்டு மணி நேரம் நிற்கும் வண்டிக்கு மூன்று மணி நேர மின்சாரமே தேவைப்படும்போது, அதை எந்த மூன்று மணி நேரத்தில் ஏற்றுவது என்பதை விலையே தீர்மானிக்க முடியும். சூரிய மின்சாரம் மிகுந்த பகுதியில் அது நண்பகலாக இருக்கலாம். மற்ற இடத்தில் பின்னிரவாக இருக்கலாம். இரண்டு அல்லது மூன்று நேரப் பிரிவுகளுக்கு மேல் வேண்டாம். விரைவு சார்ஜரில், செருகியபோது இருந்த விலையே அந்த முறை முழுவதற்கும் நிற்க வேண்டும். மெது சார்ஜரில் நேரம் மாறும்போது விலையும் மாறட்டும்.

எனக்கு மனத்தில் உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். சொந்த வீடும் வண்டி நிறுத்த இடமும் உள்ளவர் வீட்டுக் கட்டணத்தில் சார்ஜ் செய்துகொள்கிறார். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவரும், வண்டியையே பிழைப்பாகக் கொண்டவரும் பொது நிலையத்தை நம்புகிறார்கள். இருவரில் வசதி குறைந்தவர் யூனிட்டுக்கு அதிகம் கொடுக்கும்படியான விலை, எவ்வளவு துல்லியமாகக் கணக்கிடப்பட்டிருந்தாலும், எனக்கு ஒப்பவில்லை. ஆகவே குடியிருப்புத் தெருக்களின் மெது சார்ஜர்களுக்கு வீட்டுக் கட்டணத்தை ஒட்டிய விலையும், விரைவு சார்ஜர்களுக்கு முழுச் செலவை ஈடுகட்டும் விலையும் வைக்கலாம். மெது சார்ஜர் ஒன்று இழுப்பது 7 கிலோவாட் அளவுதான் என்பதால் அதன் டிமாண்டு சுமையும் சிறிதே. அதிலும் துண்டு விழுந்தால், விழும் தொகையை நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கில் ஒரு தனி வரியாகக் காட்டிவிடுங்கள். வண்டியே இல்லாத வீட்டுக்காரரின் பில்லில் அதைச் சத்தமில்லாமல் பரப்பிவிடுவது மட்டும் கூடாது.

கடைசியாக, உங்கள் நிறுவனமே சொந்தமாக நிலையங்கள் நடத்தப்போகிறதா என்பதைக் கடிதத்தில் நீங்கள் தெளிவாகச் சொல்லவில்லை. நடத்துவதானால், தனியார் நிலையங்களுக்கு மின்சாரம் விற்பவரும் அவர்களோடு போட்டியிடுபவரும் ஒருவரே ஆகிவிடுவார். இந்தச் சங்கடத்தை எண்ணியே ஐரோப்பிய ஒன்றியம் தன் 2019 மின்சந்தை நெறிமுறையில், சில விலக்குகள் நீங்கலாக, பகிர்மான நிறுவனங்கள் சார்ஜிங் நிலையங்களை வைத்திருக்கக் கூடாது என்றது. இந்தியாவில் மத்திய மின்துறை அமைச்சகம் 2018-இல், சார்ஜ் செய்து கொடுப்பது ஒரு சேவையே, அதற்கு மின் விநியோக உரிமம் தேவையில்லை என்று விளக்கம் தந்து, யார் வேண்டுமானாலும் இத்தொழிலுக்கு வரும்படி கதவைத் திறந்துவிட்டது. உங்கள் இடத்தில் தனியார் எவரும் முன்வரவில்லை என்றால் நிறுவனம் தொடங்கட்டும். ஆனால் தனியாருக்குப் போடும் அதே டிமாண்டு கட்டணத்தையும் யூனிட் கட்டணத்தையும் தன் நிலையத்தின் மீதும் கணக்கில் போட்டு, அதற்குப் பிறகே விற்பனை விலையை அறிவிக்க வேண்டும். இல்லையேல், நாளை வர நினைப்பவர் உங்கள் விலைப் பலகையைப் பார்த்தவுடனே திரும்பிப் போய்விடுவார்.

பணம் செலுத்தும் முறை, செயலி, அட்டை ஆகியவற்றில் எனக்கு அதிகம் சொல்ல இல்லை. செருகுவதற்கு முன்பே முழு விலையும் தெரிய வேண்டும், உறுப்பினராகாதவரும் கட்ட முடிய வேண்டும். இருசக்கர வாகனங்கள் இரண்டு மூன்று யூனிட் மட்டுமே ஏற்றிக்கொள்ளும் என்பதால் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்றை வைத்து அவர்களை விரட்டிவிடாதீர்கள்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏற்கெனவே இயங்கும் சார்ஜர்களின் கால் மணி நேர வாரியான சுமைப் பதிவும், அவை இணைந்திருக்கும் ஃபீடர்களின் அதே பதிவும் கிடைத்தால் அனுப்பிவையுங்கள். இரண்டு உச்சங்களும் ஒரே நேரத்தில் விழுகின்றனவா என்று பார்த்துவிட்டால், டிமாண்டு கட்டணத்தில் எவ்வளவு தளர்த்தலாம் என்பதை ஊகமாக அல்லாமல் எண்ணாகவே எழுதி அனுப்ப முடியும். உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்பே அந்தத் தாள்கள் வந்துவிட்டால் இன்னும் நல்லது. வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்