வாங்குபவருக்கென ஒரு முகவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய அடுக்குமாடி வீடு வாங்கச் செல்வோர் பலர், கட்டுமான நிறுவனத்தின் விற்பனை அலுவலரையே தம் ஆலோசகராகவும் கருதிவிடுகின்றனர். சம்பளம் தருவது நிறுவனம் என்பதால், அவர் நமக்காகப் பேரம் பேசுவார் என எதிர்பார்ப்பது பொருந்தாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறைகளை நிறுவனமே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இவற்றையும், சொல்லப்படும் சதுர அடி வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய தளப்பரப்பான கார்பெட் ஏரியாவா, பொதுப் பகுதியும் சேர்ந்ததா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுத் தெளிய, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்ற, நாமே கட்டணம் தரும் முகவர் உதவுவார். ஆனால் இரு தரப்பிலும் கமிஷன் வாங்குவது நம் ஊரில் புதிதல்ல. எனவே, யாரிடமிருந்து எவ்வளவு பெறுகிறார் என்பதை ஒவ்வொரு முகவரும் வாங்குபவருக்கு எழுத்துமூலம் தெரிவிப்பதை ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை