கம்பிவலைக்கு வெளியே நிற்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சனிக்கிழமை பாப்பாவுக்கு முதல் டென்னிஸ் டோர்னமென்ட் என்று சொன்னாய். எந்த ராக்கெட், எவ்வளவு டென்ஷனில் ஸ்ட்ரிங் போடுவது என்றெல்லாம் கேட்டிருந்தாய். அதை அவளுடைய கோச் பார்த்துக்கொள்வார். எனக்குக் கவலை உன்னைப் பற்றித்தான்.

டிவியில் பார்க்கிற மாதிரி உயரமான நாற்காலியில் அம்பயர் இருக்க மாட்டார். சின்னப் பிள்ளைகளின் போட்டியில் பெரும்பாலும் பல கோர்ட்டுகளுக்கும் சேர்த்து ஒரு ரெஃப்ரி சுற்றி வருவார், அவ்வளவுதான். வலைக்குத் தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று அந்தந்தப் பிள்ளையே சொல்ல வேண்டும். கோட்டை நூலளவு தொட்டிருந்தாலும் உள்ளே. சரியாகப் பார்க்கவில்லை என்றாலும் உள்ளே. 'சந்தேகமா இருக்கு, மறுபடி ஆடலாமா?' என்று நிறையப் பிள்ளைகள் கேட்பார்கள், அதற்கு இடமில்லை. சந்தேகத்தின் பலன் எதிராளிக்கு. இதில் பெருந்தன்மை எதுவும் கிடையாது, விதியே அப்படித்தான்.

இப்போது என் கதையைக் கேள். என் பெரியவள் 12 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தாள். ஸ்கோர் 4-4. எதிரில் ஆடிய பெண் அடித்த ஃபோர்ஹேண்ட், கோர்ட்டின் பின்பக்கக் கோடான பேஸ்லைன் ஓரமாக விழுந்தது. இவள் பந்தைப் பார்த்தாள், அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். கம்பிவலைக்கு வெளியே நின்றிருந்த என் ஆள்காட்டி விரல் தானாக மேலே போனது. உடனே 'அவுட்' என்றாள். அந்தப் பெண் சண்டை போடவில்லை. பந்து விழுந்த இடத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அடுத்த சர்வுக்குப் போய்விட்டாள்.

காரில் வரும்போது பெரியவள் கேட்டாள்: "அப்பா, அது நிஜமாவே அவுட்டா?"

உண்மையில் நான் அதைப் பார்க்கவே இல்லை. கம்பிவலைக்கு வெளியே சாய்வாக நின்றுகொண்டு எதைப் பார்க்க முடியும்? அவுட்டாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், விரல் போய்விட்டது. அதைவிட எனக்கு வலித்தது, அவள் திரும்பிப் பார்த்ததுதான். தன் கண்ணால் பார்த்ததைச் சொல்ல என் முகத்தை எதிர்பார்க்கும் பழக்கத்தை நான்தான் அவளுக்கு உண்டாக்கியிருந்தேன்.

அவசரத்தில் தப்பாகச் சொல்லிவிட்டால் பாப்பா மாற்றிச் சொல்லலாம், அதில் கேவலம் ஒன்றுமில்லை. சந்தர்ப்பத்தைப் பொறுத்து அந்தப் பாயின்ட்டை மறுபடி ஆடுவார்கள், அல்லது எதிராளிக்குப் போகும். 2005-இல் ரோமில் நடந்த போட்டியில் அமெரிக்க வீரர் ஆண்டி ரோடிக் வெற்றிக்கு ஒரே ஒரு பாயின்ட் தூரத்தில் இருந்தார். எதிரில் ஆடிய வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வ் அவுட் என்று அறிவித்தார்கள், அப்படியே விட்டிருந்தால் ரோடிக் ஜெயித்திருப்பார். ரோடிக்கே களிமண்ணில் பதிந்திருந்த தடத்தைக் காட்டி, 'உள்ளேதான்' என்றார். கடைசியில் ஆட்டத்தையும் தோற்றார். இதை என் பெண்ணிடம் சொன்னபோது, "தோத்துட்டாரே!" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

எதிரில் ஆடும் பிள்ளை ஏமாற்றினால்? ஏமாற்றுவார்கள், சந்தேகமே வேண்டாம். முதல் தடவை 'நிச்சயமா?' என்று பாப்பா மரியாதையாகக் கேட்கட்டும். தொடர்ந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவளே ரெஃப்ரியைக் கூப்பிடட்டும். பதிலுக்கு இவளும் ஏமாற்றக் கூடாது. நீயும் அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் போய் நிற்காதே. ஸ்கோர் தகராறுக்கு ஒரே மருந்து, சர்வ் செய்பவர் ஒவ்வொரு பாயின்ட்டுக்கு முன்பும் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்வது.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். பக்கத்து கோர்ட்டில் பாயின்ட் நடக்கும்போது பின்னால் நடந்து போகக் கூடாது. பந்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சர்வ் செய்பவர் கைக்கு ஒரு பவுன்ஸில் போகிற மாதிரி கொடுக்க வேண்டும். பந்து வலையில் பட்டு எதிர்ப்பக்கம் தொப்பென்று விழுந்து பாயின்ட் கிடைத்தால் கையைத் தூக்கி ஸாரி சொல்ல வேண்டும். உள்ளுக்குள் குஷியாகத்தான் இருக்கும், ஆனாலும் தூக்க வேண்டும். முடிந்ததும் எதிராளியின் முகத்தைப் பார்த்துக் கை குலுக்க வேண்டும். தோற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே நாலு விரலை நீட்டுவார்களே, அது வேண்டாம்.

உனக்கு ஒன்றே ஒன்று: எதிராளி இரண்டு சர்வையும் தவறவிட்டு டபுள் ஃபால்ட் செய்யும்போது கை தட்டாதே. அங்கே நிற்பதும் ஒரு குழந்தைதான்.

சனிக்கிழமை ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போ. பேஸ்லைனுக்கு நேராகப் போடாதே. நான் இப்போதெல்லாம் நெட் கம்பத்துக்கு நேராக, எந்தப் பேஸ்லைனும் சரியாகத் தெரியாத இடமாகப் பார்த்துத்தான் உட்காருகிறேன். பெரியவள் இன்னமும் எப்போதாவது திரும்பிப் பார்ப்பாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்