வீட்டில் ட்ரம்ஸ் வாசிப்பது இரைச்சலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் நகரத்து இரைச்சலைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பஸ் ஹோன், ஒலிபெருக்கி, மோட்டார் சைக்கிள் சைலன்சர் எல்லாவற்றையும் கண்டித்திருந்தீர்கள். சரி, நியாயம்தான். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது. வீட்டுக்குள் ட்ரம்ஸ் அடிப்பவர்களையும் அதே கூட்டத்தில் சேர்த்து, அது நம்முடைய வாத்தியமும் இல்லை, நமக்குத் தேவையும் இல்லை என்று உங்கள் கட்டுரையாளர் எழுதிவிட்டார். அந்த வரியை மூன்று முறை படித்தேன். நாலு நாளாகியும் அது மனதை விட்டுப் போகவில்லை.

நான் மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். உங்கள் பத்திரிகையை முப்பது வருடத்துக்கு மேலாக வாங்குகிறேன். பாதை பூட்டிப் பேப்பர் வராத நாட்களில் பழையதை எடுத்துத் திரும்பவும் படித்தவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1960களில் இங்கிலாந்தில் செய்த பிரீமியர் ட்ரம் செட். என் தாய்மாமன் கல்யாண வீடுகளில் வாசித்தது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை பறந்தபோது, மாமா காலால் அடிக்கும் பேஸ் ட்ரம்மைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு அதற்குப் பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டார். பிறகு சண்டைக் காலம். பொழுது பட்டால் தெருவில் ஆள் இல்லை, கல்யாணங்கள் பகலோடு முடிந்தன, பாட்டுக்குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. 2004 டிசம்பர் 26 கடல் மாமாவைக் கொண்டுபோனது. செட் அப்போது தாண்டவன்வெளியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்ததால் மிஞ்சியது. ஓய்வுபெற்ற பிறகுதான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வரும்போது அது ட்ரம்ஸாக இல்லை. ஈரத்தில் பலகையின் ஒட்டு விட்டு, ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. ஒட்டித் தந்தவர் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் ஒருவர், தச்சு மாஸ்டர். எழுபது வயது தாண்டியவர். பசை போட்டு இறுக்கிக் கட்டி நாலு நாள் வைத்தார். பிறகு வட்டத்தின் விளிம்பைக் கண்ணாடித் தட்டின் மேல் கவிழ்த்து உள்ளே விளக்கை வைத்தோம். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் மேடு பள்ளம். அதைச் சாண்ட் பேப்பரால் தேய்த்துச் சமப்படுத்தவே ஒரு மாதம் போனது. இரும்பு வளையங்களின் துருவைத் தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தேன். கசங்கிய தாளும் தண்ணீரும் போதும், ஐயா, ஒரு மருந்தும் வேண்டாம். சிம்பல் என்ற உலோகத் தட்டில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது. அது முடியும் இடத்தில் சின்னத் துளை போட்டால் வெடிப்பு மேலே ஓடாது. அதையும் மாஸ்டர்தான் செய்தார்.

கடைசியில் தோல். அந்தக் காலத்துப் பிரீமியர் ட்ரம்மின் விட்டம் இன்றைய அளவைவிடக் கொஞ்சம் பெரியது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தோல் அதில் ஒழுங்காக இறங்கவில்லை. எங்கே போனேன் தெரியுமா? பறைமேளம் கட்டும் ஒருவரிடம் போனேன். அவர் வளையத்தைக் கையில் வாங்கி ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு, நாளைக்கு வாங்கோ சேர் என்றார். ஆட்டுத்தோலை ஊறப்போட்டு, வளையத்தில் மடித்துக் கட்டி, நிழலில் காயவைத்துத் தந்தார். 1957 வாக்கில் பிளாஸ்டிக் தோல் கடைக்கு வரும்வரை உலகம் முழுவதும் ட்ரம்ஸுக்கு மிருகத்தோல்தானே? மார்கழி மழையில் அது தொய்ந்துபோகும். பறைக்கு நெருப்புக் காட்டுவது போல நானும் ஒரு பல்பை எரியவிட்டுச் சூடு காட்டுகிறேன். அந்த ட்ரம்மைத்தான் நம்முடையது இல்லை என்கிறீர்கள்.

பறையையும் இப்படித்தான் சொன்னார்கள். சாவு வீட்டுக்கு உரியது, வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியது என்று ஒதுக்கினார்கள். இன்று அது பல்கலைக்கழக மேடையில் ஒலிக்கும்போது முன்வரிசையில் இருந்து கைதட்டுகிறோம். வயலின் எந்த நாட்டு வாத்தியம்? ஆர்மோனியம்? போர்த்துக்கேயர் இந்த ஊரில் கோட்டை கட்டியது 1628இல். அவர்கள் வழிவந்த பறங்கியர் இன்றும் தங்கள் கல்யாணத்தில் கப்ரிஞ்ஞா ஆடுகிறார்கள், ஆறு எட்டுத் தாளத்தில். நானூறு வருடம் ஒரு ஊரில் இருந்த தாளம் இன்னும் எத்தனை வருடம் இருந்தால் நம்முடையதாகும்? காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், வாசிக்க ஆளில்லாமல் மறைந்த யாழைப் பழைய நூல்களிலிருந்து கணக்குப் போட்டு மீட்டார். யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. அப்படிப்பட்ட மண்ணில் பழைய வாத்தியம் ஒன்றைத் திருத்துகிறவனை இரைச்சல்காரன் என்று எழுதுவதா?

நான் வாசிப்பது பின்னேரம் நாலரையிலிருந்து ஐந்தரை வரை. பேஸ் ட்ரம்முக்குள் பழைய போர்வை, மற்றவற்றின் மேல் துவாய், ஜன்னல் எல்லாம் பூட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதிய போது ஒன்றரை மாதம் குச்சியைத் தொடவில்லை. அந்தப் பிள்ளையின் தாய் வந்து, மாமா, ஏன் இப்ப சத்தமே இல்லை, சுகமில்லையா என்று கேட்டார். அதே பரீட்சைக் காலத்தில் எங்கள் பகுதியில் விடிய நாலரைக்கே ஒலிபெருக்கி பாடியது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இலேயே சொன்னது உங்களுக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்களும் வெளிவரவில்லை. உங்கள் இசைப் பக்கத்தைப் பற்றியும் ஒருமுறை எழுதினேன். வாரம் தவறாமல் இந்தியச் சினிமாப் பாடகர்கள் வருகிறார்கள். ஒக்டோபாட் என்ற மின்னணுத் தாளப் பலகையும் கீபோட்டும் வந்தபின் வேலையில்லாமல் போன நம் ஊர் ட்ரம்ஸ்காரர் ஒருவரின் படமாவது வந்திருக்கிறதா? மாமா போனபோதும் ஒரு வரி வரவில்லை. அன்று போனவர்கள் எத்தனையோ பேர், அதனால் அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மறக்கவில்லை.

திருத்தம் போடுங்கள் என்று கேட்கவில்லை. வேறொரு சின்ன உதவி வேண்டும். தரையில் நிற்கும் பெரிய ட்ரம்மின் கீழ்வளையம் துருவில் இற்றுப்போய்விட்டது. பழைய பிரீமியர் 16 அங்குல வளையம் யாரிடமாவது கிடந்தால், வளைந்திருந்தாலும் பரவாயில்லை, உங்கள் அலுவலகத்துக்குத் தெரிவிக்கும்படி இரண்டு வரி போடுங்கள். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு