கழற்றிய செருப்பு எங்கே கிடக்கிறது என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெறுங்காலோடு வண்டி ஓட்டினால் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் மறுபடியும் ஒரு செய்தி சுற்றுகிறது. என் மகனே அதை எனக்கு அனுப்பி, "அப்பா, இனிமேல் ஷூ போட்டுத்தான் ஓட்டணும்" என்கிறான். சங்ககிரியில் இருந்து இருபத்தாறு வருஷமாக லாரி ஓட்டுகிறவன் நான். கேபினில் கால் வைக்கும்போதே செருப்பைக் கழற்றிவிடுவேன். முன்னால் சாமி படம் இருக்கிறது, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற வண்டி, அதில் செருப்போடு ஏற எங்களில் பலருக்கு மனசு வராது. இது தப்பு என்று யாராவது சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

2019 செப்டம்பரில் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வந்தபோதும் இதே கூத்துதான். செருப்புப் போட்டு ஓட்டினால் ஃபைன், லுங்கி கட்டினால் ஃபைன், அரைக்கைச் சட்டைக்கும் ஃபைன் என்று பயம் காட்டினார்கள். அந்த மாதமே அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகம் அதெல்லாம் வதந்தி என்று மறுத்தது. இங்கிலாந்தில்கூட வெறுங்காலோடு கார் ஓட்டத் தடை இல்லை. அவர்களுடைய சாலை விதிப் புத்தகத்தில் 97-வது விதி, போட்டிருக்கும் உடையும் காலணியும் வண்டியை ஒழுங்காக இயக்க இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்கிறது, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மழை நாள், லோடோடு தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தேன். கழற்றிய ஹவாய் செருப்பை வழக்கம்போல சீட்டுக்கு அடியில் தள்ளியிருந்தேன். இறக்கத்தில் அது ஈரத் தரையில் சறுக்கி முன்னால் வந்து பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. மிதிக்கிறேன், பெடல் பாதி வரைக்கும் போய் நின்றுவிட்டது. கிளீனர் பையன் குனிந்து என் கால்களுக்கு நடுவே கையை விட்டு அதை உருவி எடுத்தான், எடுக்கும்போது ஒரு பக்க வார் பிய்ந்தே வந்தது. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடாமல் இரண்டாவது கியரில் இறங்கியதால்தான் பிழைத்தோம். அன்றிலிருந்து சீட்டுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது, கழற்றிய செருப்பு அதற்குள்தான் போகும். கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பின்சீட்டுப் பக்கம் போட்டுவிடுங்கள், அல்லது டிக்கியில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலும் இப்படித்தான் உருண்டு வரும்.

என்னைக் கேட்டால் வெறுங்காலைவிட மோசமானது தொளதொள ஹவாய் செருப்புதான். முன்பக்கம் மடங்கிப் பெடலில் சிக்கும், ஈரமானால் வழுக்கும். ஹீல்ஸும் அப்படித்தான், குதிகால் தரையில் பதியாமல் ஆக்ஸிலேட்டரை அளவாக அழுத்த முடியாது. வெறுங்காலுக்கு பெடல் எந்த இடத்தில் பிடிக்க ஆரம்பிக்கிறது என்பது நன்றாகவே தெரியும். பெடல் ரப்பர் மட்டும் தேய்ந்திருக்கக்கூடாது, வெறும் இரும்பில் வியர்த்த கால் வழுக்கும், ரப்பர் மாற்றப் பெரிய செலவும் கிடையாது. ஆனால் டூவீலர் ஓட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் செருப்பைக் கழற்ற வேண்டாம். விழுந்தால் முதலில் தரையில் உரசுவது கால்தான், சைலன்சர் சூடு வேறு.

இதையெல்லாம்விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. என்னோடு பதினைந்து வருஷம் ஓட்டிய அண்ணன் ஒருவர், வீட்டிலும் சரி வண்டியிலும் சரி, செருப்பே போடமாட்டார். பழனிக்கு வருஷம் தவறாமல் வெறுங்காலில் நடந்துபோய் வருவார். சர்க்கரை வந்து பத்து வருஷம் ஆகியும் மாத்திரை போடுவதோடு சரி. ஒருநாள் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவரின் காலைப் பார்த்து அண்ணிதான் கத்தியிருக்கிறார். கேபினில் இன்ஜின் சூடு ஏறிய தகரத்தில் பட்டுப்பட்டு வலது குதிகால் முழுக்கக் கொப்புளம், ஒன்று உடைந்து தண்ணீராக வடிந்திருக்கிறது. சர்க்கரையால் கால் மரத்துப்போயிருந்ததில் அவருக்கு எரிச்சல்கூடத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பல இடங்களில் வைத்து அழுத்தி, "தெரிகிறதா, தெரிகிறதா" என்று கேட்டார். பெருவிரல், சுண்டுவிரல், குதிகால், எதிலும் அண்ணன் வாய் திறக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். இந்தக் காலை நம்பியா இத்தனை நாள் ராத்திரி லோடு ஓட்டினார் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. சூடு தெரியாத காலுக்கு பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது மட்டும் எப்படித் தெரியும்? அப்புறம் இரண்டு விரலை எடுக்க வேண்டி வந்தது, வண்டி ஓட்டுவதையும் விட்டுவிட்டார்.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் என்று டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறார்கள், நல்ல காரியம். அதே முகாமில் சர்க்கரை இருக்கிறவர்களின் பாதத்தையும் அந்த நைலான் இழையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஆகாது, பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். உங்கள் பத்திரிகை எழுதினால் அதிகாரிகள் காதில் விழும். சங்ககிரியில் முகாம் போட்டால் அண்ணனை நானே கூட்டி வருகிறேன். எங்கள் ஸ்டாண்டுப் பையன்களுக்குத் தன் காலைக் காட்டுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
லாரி ஓட்டுநர் ஒருவர்,
சங்ககிரி.